கூடாரத்தில் விறகு தீர்ந்த ராத்திரி

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. பெற்றது நான்கு. கொழுந்தனார் அகாலமாய்ப் போன பிறகு அவருடைய பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் இன்றைக்கு நன்றாக இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மேலே பேச்சு வரும். படித்தது மூன்றாவது வரைக்கும். எழுத்துக் கூட்டி எழுதுவேன். மெதுவாக வரும், ஆனால் வரும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

இப்போது எழுத உட்கார்ந்தது, நானும் என் சம்பந்தியம்மாவும் பனிக்காலத்தில் ஒரு கூடாரத்தில் படுத்துத் தூங்கிய கதை. தூங்கிய என்று எழுதிவிட்டேன். தூங்கவில்லை. அதுதான் கதை.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த வருஷம் அது. என் மூன்றாவது பையன் அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில் குடியிருந்தான். அந்தக் கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணுகிற வேலைதான் அவனுக்கு. விடிந்ததும் ரயிலேறிப் போனால் இருட்டித்தான் வருவான். மருமகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம், மாசியில் நாள் சொல்லியிருந்தார்கள். பிரசவம் பார்க்க அவளுடைய அம்மா வருவதுதான் முறை. மாமியார் பிறகு போனால் போதும். ஆனால் எங்கள் இருவருக்கும் விசா ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டது. வழித்துணையாக ஆயிற்று என்று ஒரே விமானத்தில் வந்து இறங்கினோம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சம்பந்தி ஊரில் ரைஸ்மில்லை விட்டு நகர முடியாதவர். ஆகவே பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவர் என்னை அண்ணி என்று கூப்பிடுவார். நான் அவரை அண்ணி என்பேன். யார் மூத்தவர் என்பதை இன்றுவரை இரண்டு பேரும் வாய் திறந்து சொன்னதில்லை.

சம்பந்தியம்மா தங்கமானவர். அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. மாப்பிள்ளை என்றால் அவருக்கு அப்படியொரு மரியாதை. எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்தக் காலத்தில் குறைவுதான். அதற்காக இவரைப் போல யாரும் இருந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் என் பையன் சாவி போடுகிற சத்தம் கேட்டால் போதும், சோபாவிலிருந்து எழுந்து ரூமுக்குள் போய்விடுவார். அவன் சாப்பிடாமல் இவர் சாப்பிட மாட்டார். அவனோ ஆபீசிலிருந்து வந்தும் போனில் பேசிவிட்டுப் பத்து மணிக்குத்தான் தட்டில் கைவைப்பான். அதுவரை இவர் பட்டினி. ஏதாவது வேண்டுமென்றால் மகளிடம், "மாப்பிள்ளகிட்ட கேட்டுப் பாரு கண்ணு" என்பார். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

"அத்தை ஏம்மா என்னைக் கண்டா இப்படி ஓடறாங்க? நான் என்ன போலீசா?" என்று என்னிடம் கேட்டான் பையன்.

"மரியாதைடா" என்றேன்.

"இந்த மரியாதையில எனக்கு என் வீட்லயே நடக்க பயமா இருக்கு."

வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். சம்பந்தியம்மா ஊருக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தார். இந்தக் குளிர் தனக்கு ஆகவில்லை, கை கால் விறைக்கிறது, மாசக் கடைசியில் டிக்கெட்டை மாற்றி அனுப்பி வைத்துவிடுங்கள் என்று மகளிடம் சொன்னார். மருமகள் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. "அம்மாவுக்கு முடியலன்னா போகட்டும் அத்தை. நீங்க இருக்கீங்கல்ல" என்று என்னிடம் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள், கழுவிய தட்டையே மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள். நான் எத்தனைதான் செய்தாலும் வலி எடுக்கும்போது ஒரு பெண் கூப்பிடுவது அத்தையே என்று இல்லை, அம்மா என்றுதான். ஆறு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இது தெரியாதா? எப்படியாவது அந்த அம்மாவை மாசி வரைக்கும் நிறுத்திவைக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கூடார யோசனை வந்தது. பையனோடு வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரர், தாடி வைத்தவர், பனிக்காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர். வடக்கே மலைப்பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே கூடாரம் அடித்துத் தருகிறேன், குடும்பத்தோடு ஒரு ராத்திரி வந்து தங்குங்கள் என்றாராம். மருமகள் துள்ளினாள்.

"மாசமா இருக்கிறவளைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா? உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா?" என்றேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் அத்தை, ஓகே சொல்லிட்டாங்க. அது சாதா டென்ட் இல்ல. சுவர் வெச்ச டென்ட். உள்ள விறகடுப்பு இருக்கு, புகை போக பைப் இருக்கு. வீடு மாதிரி வார்மா இருக்கும்."

"வீடு மாதிரி இருக்கும்னா வீட்லயே இருந்துக்கலாமே கண்ணு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா ரூமைவிட்டு வரவே மாட்டேங்கறாங்க. ஒரு நாள் வெளிய போனா மனசு மாறுவாங்களோன்னு பாக்கறேன்."

குளிருக்குப் பயந்து ஊருக்குப் போகிறேன் என்கிறவரைக் குளிருக்குள்ளேயே கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். இலை ஒன்றுகூட இல்லாத மரங்கள். தரையில் ஆங்காங்கே உப்புத் தூவினாற்போல் பனி. ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டுச் சரிவில் ஏறிப் போனால் வெள்ளை வெளேரென்று கூடாரம் நின்றது. மருமகள் சொன்னது பொய்யில்லை. கெட்டியான கான்வாஸ் துணி. நான்கு பக்கமும் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குச் சுவர், மேலே கூரை. ஒரு மூலையில் தகரப் பெட்டி மாதிரி அடுப்பு, நான்கு காலில் நின்றது. அதிலிருந்து குழாய் ஏறி, கூரையில் நெருப்புப் பிடிக்காத துணி வைத்துத் தைத்த ஓட்டை வழியாக வெளியே போனது. சுவரோரம் மடக்குக் கட்டில்கள் நான்கு.

தாடிக்காரர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். பையன் தமிழில் சொன்னான். கட்டிலுக்கு மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், குளிர் அடியிலிருந்துதான் ஏறும். அதனால் உடம்புக்குக் கீழே இரண்டு கம்பளி. கூரை ஓரத்தில் ஒரு சாண் திறந்து வைத்திருக்கிறார், அதை மட்டும் யாரும் அடைக்கக் கூடாது, காற்றில்லாமல் ஆபத்து. சம்பந்தியம்மா அப்போதே கையில் ஒரு துண்டோடு அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு அடுப்பு. படுக்கப் போகும்போது இரண்டு பெரிய ஓக் கட்டையை உள்ளே வைத்து, அடுப்புக் கதவில் காற்று போகிற துவாரத்தைக் கொஞ்சம் விட்டு மூடிவிட வேண்டும். குழாயில் இருக்கிற தகட்டையும் பாதி திருப்ப வேண்டும். கட்டை கனன்றுகொண்டே கிடக்கும். நடுவில் ஒரே ஒரு தடவை எழுந்து மறுபடி இரண்டு வைத்தால் விடிகிறவரை தாங்கும். அதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே விறகு அடுப்புக்கு எட்ட அடுக்கியிருந்தது. மிச்ச விறகு கீழே ரோட்டோரம், நீலத் தார்ப்பாய்க்கு அடியில். இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நாற்பது வருஷம் விறகடுப்பில் ஆக்கிப் போட்டவளுக்கு நெருப்பைப் பற்றி ஒருவர் பாடம் சொல்கிறார்! அப்போது எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. எங்கள் அடுப்பு சோறாக்குகிற அடுப்பு. தீ திகுதிகுவென்று எரிந்தால்தான் நமக்கு நிம்மதி. இது நம்மோடு சேர்ந்து தானும் தூங்க வேண்டிய அடுப்பு. அதை எரியவிடக் கூடாது.

கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். ரசத்தை அடுப்பின் தலையில் வைத்துச் சுடவைத்தோம். சம்பந்தியம்மா வழக்கம்போல மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கிறவரை கூடாரத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார். "வானத்தைப் பாக்கறனுங்க" என்றார். பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் உள்ளே கேட்டது. பையன் பாவம், நாலே வாயில் விழுங்கிவிட்டு எழுந்தான்.

படுத்தோம். மூலையில் பையன், அடுத்து மருமகள், எதிர்ச் சுவரோரம் நாங்கள் இருவர். தாடிக்காரர் சொன்னபடியே பையன் கட்டை வைத்து மூடினான். படுத்ததும் குறட்டை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் எண்ணமெல்லாம் ஒன்றுதான். இன்றைக்கு ராத்திரி சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் குளிர்ந்தாலும் போதும், திங்கட்கிழமையே டிக்கெட் மாறிவிடும். பிறகு யார் சொன்னாலும் நிற்க மாட்டார். ஆகவே அவருக்குக் குளிரக் கூடாது. மெல்ல எழுந்தேன். அடுப்பைத் திறந்தால் கட்டை கறுப்பாகப் படுத்திருந்தது, ஓரத்தில் மட்டும் சிவப்பு. இது எந்த மூலைக்கு என்று இரண்டு கட்டை போட்டு, துவாரத்தையும் நன்றாகத் திறந்துவிட்டேன். தீ பிடித்துக்கொண்டது. திருப்தியாக வந்து படுத்தேன்.

கண் அசந்து விழித்தால் அடுப்பு இன்னும் நன்றாக எரிகிறது. பரவாயில்லையே, நம் கைராசி என்று நினைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒன்று வைத்தேன். மறுபடி விழித்தேன். அப்போதும் எரிகிறது. தகரம் செக்கச் சிவந்து கிடக்கிறது. கூடாரம் சித்திரை மாசம் மாதிரி ஆகிவிட்டது. மருமகள் போர்வையைக் காலால் தள்ளிவிட்டிருந்தாள். பையன் தூக்கத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகெல்லாம் வேர்வை. ஆனாலும் சந்தோஷம். இனி எந்தச் சம்பந்தியம்மா குளிர் என்று சொல்வார்?

அடுத்த தடவை கண் திறந்தபோது அடுப்புக்கு முன்னால் ஒரு உருவம் குந்தியிருந்தது. காது மூடிய குரங்குக் குல்லா, மேலே மருமகளுடைய பெரிய பழுப்பு ஜாக்கெட். அந்தப் பக்கம் கரடி உண்டு என்று காரிலேயே பையன் சொல்லியிருந்தான்.

"யாரது?" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

கரடி திரும்பியது. "நான்தானுங்கண்ணி. நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? படுங்க."

"நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா, ஒரு கட்டை வெச்சுட்டுப் படுக்கலாம்னு."

"நான்தான் வெச்சுட்டிருக்கனே!"

"நீங்களா? ஐயோ, நானுமில்ல வெச்சுட்டிருக்கேன்! மாப்பிள்ளயோட அம்மா எந்திரிச்சு அடுப்புப் பாக்க, நான் படுத்துத் தூங்கறதா? நல்லாவா இருக்கும்?"

"எத்தனை வெச்சீங்க?"

"நாலோ அஞ்சோ இருக்கும். நீங்க?"

என் கணக்கை நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விறகு அடுக்கியிருந்த இடத்தைப் பார்த்தோம். பட்டை மட்டும் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. அவர் கையில் இருந்ததுதான் கடைசிக் கட்டை.

துணிக் கூடாரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கடைசிக் கட்டை எரிந்து அடங்கியதும் குளிர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது. முதலில் கால் விரல், பிறகு மூக்கு. நான் என் கம்பளியை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். அவர் அதை எடுத்து என் மேல் போர்த்தினார். இரண்டு தடவை இப்படிப் போய் வந்தது. கடைசியில் அவர் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்த்துப் போர்த்திக்கொண்டோம்.

"பையனை எழுப்பறேன். போய் எடுத்துட்டு வரட்டும்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்கண்ணி. வாரம் பூரா நாய் பாடு படறாரு. மாப்பிள்ள தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது."

"அப்ப நான் போறேன்."

"சரிவுல விழுந்தீங்கன்னா? சும்மா இருங்க."

இருந்தோம். இருட்டில் முகம் தெரியாததால்தானோ என்னவோ, அவருக்குப் பேச்சு வந்தது.

"உங்ககிட்ட சொன்னா என்ன. குளிருக்காகப் போறேன்னு சொன்னேனே, அது பொய்யிங்க. குளிர் என்ன குளிர், போத்துனா போகுது. பொண்ணு வீட்ல ஒரு வேளை கை நனைக்கவே எங்கம்மாவெல்லாம் யோசிப்பாங்க. நான் மாசக் கணக்கா உக்காந்து சாப்படறேன். மாப்பிள்ள சம்பாத்தியத்துல. அவரு ஊட்ல எனக்குக் கால் நீட்டி உக்காரத் தெரியலீங்க. தண்ணி மோந்து குடிக்கறதுக்குக்கூட ரோசனையா இருக்குது."

"நான் மட்டும் என்னவாம்? மருமக வீட்லதானே இருக்கேன்" என்றேன்.

"நீங்க பெத்தவங்க. அதட்டுவீங்க, கேப்பீங்க. நான் யாருன்னு கேக்கறது?"

சும்மா அவர் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. இன்னொரு கை ஜாக்கெட்டுக்குள் இருந்தது. அது தன் மகளுக்காகச் சூடாக்கி வைத்திருந்த கை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மருமகள் தூக்கத்தில் முனகினாள். வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டாள், தள்ளிவிட்ட போர்வையைக் கை தேடிற்று. சம்பந்தியம்மா எழுந்துபோய்ப் போர்வையை இழுத்துவிட்டு அந்தக் கையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

கன்னம் எப்படி இருந்ததோ, கையை எடுத்தவர் அப்படியே என் பையன் கட்டிலுக்குப் போனார். கால்மாட்டில் நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ள" என்றார்.

குறட்டை.

"மாப்ள."

குறட்டை நின்றது, திரும்பவும் ஆரம்பித்தது.

"மாப்ள! எந்திரிங்க! விறகு தீந்துபோச்சு. புள்ளைக்குக் குளிருது. போயி எடுத்துட்டு வாங்க!"

ரைஸ்மில்லில் ஆள்களைக் கூப்பிடுகிற குரல். அந்தக் குரல் அவரிடம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். கூப்பிட்டது யார் என்று ஒரு நிமிஷம் அவனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் சம்பந்தியம்மா பக்கம் கையைக் காட்டினேன்.

"சரிங்க அத்தை" என்றான். செருப்பா, ஷூவா என்றுகூடப் பார்க்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு கை நிறையக் கொண்டுவந்து போட்டான். சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். "இது சுள்ளி. பத்த வெக்கத்தான் ஆகும். நல்லா கனமாப் பாத்து எடுத்துட்டு வரக் கூடாதா? இன்னொருக்கா போயிட்டு வாங்க."

"சரிங்க அத்தை."

அவன் போனதும் நானும் அவரும் அடுப்பின் முன் மண்டியிட்டோம். சாம்பலைக் கிளறினால் அடியில் கண் மாதிரி இரண்டு கங்கு இருந்தது. அவர் பட்டையைப் பிய்த்துப் போட்டார், நான் ஊதினேன். எனக்கு மூச்சு வாங்கியபோது அவர் ஊதினார். தீ பிடித்தது. பையன் பெரிய கட்டைகளோடு வந்தான். இரண்டை வைத்து, தாடிக்காரர் சொன்னபடி துவாரத்தை மூடி, தகட்டைத் திருப்பினோம்.

"இனி விடியற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றான் பையன். எங்கள் இருவரையும் பார்த்துத்தான் சொன்னான்.

"நீங்க படுங்க மாப்ள" என்றார் அவர்.

காலையில் மருமகள் எழுந்து, விறகு வைத்திருந்த இடத்தையும் எங்கள் கண்களையும் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். பையன் நடித்தே காட்டினான், அந்தக் குரலோடு. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. எழுந்து வெளியே போனார். போச்சு, பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். ரோட்டுக்கு இறங்கி, காரில் ஏறி, பாதி தூரம் வந்துவிட்டோம். அப்புறம் பின் சீட்டிலிருந்து, "மாப்ள, அந்த ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றார். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கிற்று.

டிக்கெட் மாற்றுகிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. மாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய அம்மாதான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தும் இருக்கவில்லை, நடந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ராத்திரிக்குப் பிறகு என் பையன் பாடு திண்டாட்டம். மாப்ள பால் தீந்துபோச்சு, மாப்ள எடிசன்ல நம்ம ஊர்க் கடைக்குப் போனா முருங்கைக்காய் வாங்கிட்டு வாங்க, மாப்ள நேரத்துல சாப்பிடுங்க எனக்குப் பசிக்குது. பெற்ற நான்கூட அவனை அவ்வளவு வேலை வாங்கியதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவனோ ஒவ்வொன்றுக்கும் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே சுற்றினான்.

இவ்வளவுதான் எழுத வந்தது. கை வலிக்கிறது. பக்கத்தில் இந்த மருமகளின் இளையவன், என் கடைசிப் பேரன் உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவன், கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வான். ஆனால் தமிழ் படிப்பான், என்னை மாதிரியே எழுத்துக் கூட்டி.

"இங்க வா சாமி. இதை முதல்லருந்து சத்தமாப் படி. உங்க அம்மாவைப் பெத்த அம்மிச்சியும் ஊர்லருந்து போன்ல கேட்டுட்டிருக்காங்க. தப்பா எழுதியிருந்தா அவங்க சொல்லுவாங்க, நீ நிறுத்தாதே. எங்கே, படி பாக்கலாம்."